ஓப்பல் மணிகளும் கண்ணாடி மணிகளும்: பிளினி முதல் பல்லாவரம் சந்தை வரை

ஓப்பல் என்பது பல நிறங்களைத் தன்னுள் காட்டும் ஓர் அரிய கல். இதை உருண்டையாகவோ தட்டையாகவோ செதுக்கி, துளையிட்டு, சரமாகக் கோத்து அணியும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. சென்னையின் தென்புறநகர்களான அஸ்தினாபுரம், குரோம்பேட்டை, தாம்பரம் பகுதிகளிலும் ஓப்பல் என்ற பெயரில் மணிமாலைகள் விற்கப்படுகின்றன. அவற்றுள் உண்மையான கல் உண்டு. செயற்கைக் கல் உண்டு. வெறும் கண்ணாடியும் உண்டு. ஓப்பலைப் போலக் கண்ணாடி செய்வதில் இந்தியர் வல்லவர் என்று ஏறத்தாழ 1,950 ஆண்டுகளுக்கு முன்பே உரோமானிய அறிஞர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். அந்தக் குறிப்பு, தமிழகத்தின் பழமையான மணித் தொழில், இன்றைய கடைவீதி ஆகிய மூன்றையும் இணைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லின் இயல்பு

ஓப்பல் சிலிக்காவும் நீரும் சேர்ந்த பொருள். அதன் எடையில் பொதுவாக 3 முதல் 10 விழுக்காடு வரை நீர் இருக்கும். வைரம், நீலம், மாணிக்கம் போன்றவற்றுக்குப் படிக அமைப்பு உண்டு. ஓப்பலுக்கு அது இல்லை. மோஸ் அளவுகோலில் அதன் கடினத்தன்மை 5.5 முதல் 6.5 வரை. வைரத்துக்கு 10, மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் 9 என்பதோடு ஒப்பிட்டால் ஓப்பல் மென்மையான கல் என்பது விளங்கும்.

கல்லை அசைக்கும்போது சிவப்பு, பச்சை, நீலம் என நிறங்கள் மாறிமாறித் தோன்றுவதே விலை உயர்ந்த ஓப்பலின் அடையாளம். இதற்கு நிறவிளையாட்டு என்று பெயர். இதன் காரணம் நெடுங்காலம் புதிராகவே இருந்தது. 1964-இல் ஆஸ்திரேலிய அறிவியலாளர்கள் மின்னணு நுண்ணோக்கியின் துணையால் அதை விளக்கினர். மிக நுண்ணிய சிலிக்கா உருண்டைகள், கடையில் ஆரஞ்சுப் பழங்களை அடுக்கியதுபோல ஒரே அளவில் ஒழுங்காக அடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் விட்டம் சுமார் 150 முதல் 300 நானோமீட்டர். அந்த அடுக்குகளில் பட்டு ஒளி சிதறும்போதே நிறங்கள் பிறக்கின்றன. கல்லுக்குள் சாயம் எதுவும் இல்லை.

உருண்டைகள் ஒழுங்காக அடுக்கப்படாத ஓப்பலில் நிறவிளையாட்டு இராது. இதைச் சாதாரண ஓப்பல் என்பர். பெரு நாட்டில் கிடைக்கும் இளஞ்சிவப்பு, நீல ஓப்பல்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. இவையும் இயற்கைக் கற்களே. ஆனால் விலை குறைவு.

பெயரின் பின்னணி

ஓப்பல் என்னும் சொல் இலத்தீனில் ஓபலஸ் என்றும், கிரேக்கத்தில் ஓபலியோஸ் என்றும் வழங்கியது. கல் எனப் பொருள்படும் உபல என்ற வடசொல்லே இவற்றின் மூலம் என்பது மொழியறிஞர் பலரின் கருத்து. தமிழிலும் உபலம் என்ற சொல் கல்லைக் குறிக்கும். இதைப் போலவே பெரில் என்ற பெயரும் இந்தியாவிலிருந்து மேற்கே சென்றது. பிராகிருதச் சொல்லான வேருலிய என்பது கிரேக்கத்தில் பெரில்லோஸ் ஆயிற்று.

இரண்டு சொற்களுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. பெரில் கல் உண்மையிலேயே கொங்கு நாட்டில், காங்கேயத்தை அடுத்த படியூர்ப் பகுதியில் கிடைத்தது. விலைமதிப்புள்ள ஓப்பலுக்கோ இந்தியச் சுரங்கம் எதுவும் பெயர் பெறவில்லை. தமிழ் மரபு போற்றும் நவரத்தினங்களிலும் ஓப்பல் இல்லை. மாணிக்கம், முத்து, பவளம், மரகதம், புஷ்பராகம், வைரம், நீலம், கோமேதகம், வைடூரியம் என்பவையே அந்த ஒன்பது. சுக்கிரனுக்கு வைரத்துக்கு மாற்றாக ஓப்பல் அணியலாம் என்று இன்று சோதிடர் சிலர் பரிந்துரைப்பது பிற்காலத்தில் வந்த வழக்கம்.

பிளினி தந்த குறிப்பு

உரோமானிய அறிஞர் மூத்த பிளினி கி.பி. 77-ஐ ஒட்டி இயற்கை வரலாறு என்னும் பெருநூலை எழுதினார். கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது அவர் உயிரிழந்தார். நூலின் கடைசிப் பகுதியான 37-ஆம் புத்தகம் மணிக்கற்களைப் பற்றியது. அதில் ஓப்பலுக்கு உயர்ந்த இடம் தரும் பிளினி, அது இந்தியாவில் விளைவது என்கிறார்.

நோனியஸ் என்ற செனட் உறுப்பினரின் கதையையும் அவர் சொல்கிறார். அவரிடம் 20 லட்சம் செஸ்டர்ஸ் மதிப்புள்ள ஓப்பல் மோதிரம் ஒன்று இருந்தது. மார்க் ஆண்டனி அதை விரும்பினார். கல்லைக் கொடுக்க மனமில்லாத நோனியஸ், தம் உடைமைகளில் அந்த மோதிரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு உரோமை விட்டே ஓடினாராம்.

அடுத்து பிளினி சொல்வது நம் வரலாற்றுக்கு முக்கியமானது. எந்தக் கல்லையும்விட ஓப்பலையே இந்தியர் கண்ணாடியில் மிக நெருக்கமாகப் போலி செய்கின்றனர் என்கிறார் அவர். கண்டுபிடிக்க ஒரு சோதனையும் தருகிறார். கல்லை விரல்களுக்கிடையே வைத்துச் சூரியனுக்கு நேரே பிடிக்க வேண்டும். போலிக் கல்லில் ஒரே நிறம் மாறாமல் தெரியும். உண்மைக் கல்லில் நிறங்கள் மாறிக்கொண்டே இருக்கும். பளிங்குக்கு நிறமேற்றிப் பெரில் முதலிய கற்களைப் போலச் செய்யும் முறையையும் இந்தியர் அறிந்திருந்தனர் என்று அதே நூலில் வேறோரிடத்தில் கூறுகிறார்.

உரோமானியர் அணிந்த ஓப்பல், இன்றைய சுலோவாக்கியாவின் துப்னிக் பகுதியிலிருந்து சென்றிருக்க வேண்டும் என அறிஞர் பலர் கருதுகின்றனர். அப்படியானால் ஐரோப்பாவில் தோண்டிய கல்லை இந்தியக் கல் என்று நம்பியே உரோமானியர் வாங்கினர். கிழக்கிலிருந்து வந்த பொருளுக்கு அன்று தனி மதிப்பு இருந்ததால் வணிகர் அந்தப் பெயரைப் பயன்படுத்தியிருக்கலாம். கல்லின் பிறப்பிடத்தை மாற்றிச் சொல்லி விற்கும் பழக்கம் புதியதன்று என்பதை இது காட்டுகிறது.

தமிழகத்தின் மணித் தொழில்

பிளினி எந்த இந்திய ஊரையும் பெயர் குறித்துச் சொல்லவில்லை. ஆயினும் அவர் காலத்தில் கண்ணாடியிலும் கல்லிலும் மணி செய்வதில் தமிழகம் எவ்வளவு முன்னேறியிருந்தது என்பதை அகழாய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன.

ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணல், கல்மணித் தொழிலின் பெரிய மையம். பதிற்றுப்பத்தில் கபிலரும் அரிசில் கிழாரும் குறிப்பிடும் கொடுமணம் இதுவே என்பர். 1980-களில் தமிழ்ப் பல்கலைக்கழகம் முதலிய நிறுவனங்கள் இங்கு அகழாய்வைத் தொடங்கின. தொடர்ந்து நடந்த ஆய்வுகளில் பெரில், நீலம், பளிங்கு, செவ்வந்திக்கல், சூதுபவளம், அகேட் ஆகியவை கிடைத்தன. பட்டை தீட்டாத மூலக்கல், பாதி செதுக்கிய மணி, துளையிடும்போது உடைந்த மணி, முடிந்த மணி என எல்லா நிலையிலும் அவை கிடைத்ததால், மணிகள் வெளியிலிருந்து வந்தவை அல்ல, அங்கேயே செய்யப்பட்டவை என்பது உறுதியாயிற்று. ஒரே ஈமச்சின்னத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் இருந்தன.

புதுச்சேரிக்கு அருகில் உள்ள அரிக்கமேடு, கண்ணாடி மணிக்குப் பெயர் பெற்றது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கு அகழாய்ந்து உரோமானிய வணிகத் தொடர்பை உலகறியச் செய்தார். பின்னர் ஜான் மரி கசால், விமலா பெக்லி ஆகியோரும் ஆய்ந்தனர். மணிகளைப் பற்றித் தனியே ஆராய்ந்த பீட்டர் பிரான்சிஸ், இங்கு செய்த சிறு கண்ணாடி மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டார். இவை பெரும்பாலும் 6 மி.மீ.க்கும் குறைவான அளவுள்ளவை. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம், கறுப்பு நிறங்களில் அமைந்தவை. தென்கிழக்கு ஆசியா, கொரியா, ஜப்பான், கிழக்கு ஆப்பிரிக்கா வரை இவ்வகை மணிகள் கிடைத்துள்ளன. பழனிக்கு அருகில் பொருந்தலிலும் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் வெளிப்பட்டன.

இம்மணிகளைச் செய்த முறை வியப்புக்குரியது. உருகிய கண்ணாடியைக் கூம்பு வடிவில் திரட்டி, நடுவே துளை நிற்கும்படி நீண்ட இரும்புக் குழாயில் ஏற்றுவர். அதன் நுனியைக் கொக்கியால் பிடித்து மெல்லிய குழலாக இழுத்துக்கொண்டே போவர். குளிர்ந்த குழலைச் சிறு துண்டுகளாக வெட்டி, சாம்பலோடு கலந்து மீண்டும் சூடாக்கினால் கூர்விளிம்புகள் மழுங்கி மணி உருண்டையாகும். துளையில் சாம்பல் நிறைந்திருப்பதால் அது அடைபடாது. ஒவ்வொரு மணியாகத் துளையிட வேண்டிய தேவை இல்லாததால் ஒரே நாளில் பல்லாயிரம் மணிகள் செய்ய முடிந்தது. ஆந்திராவில் ரேணிகுண்டாவை அடுத்த பாப்பாநாயுடுபேட்டையில் இம்முறை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை வழக்கில் இருந்ததை ஆய்வாளர்கள் நேரில் கண்டு பதிவு செய்துள்ளனர்.

அரிக்கமேட்டுக் கைவினைஞர் செய்த மணிகளில் பெரும்பாலானவை எந்தக் கல்லையும் போலச் செய்தவை அல்ல. அவை கண்ணாடி மணிகளாகவே விரும்பப்பட்டுக் கடல் கடந்தன. எனவே பிளினியின் ஒரு வரியை வைத்து அக்காலக் கைவினைஞர் அனைவரையும் போலி செய்தவர் என்று கொள்வது சரியாகாது.

மதுரைக் கடைவீதியும் குற்றம் பார்த்து வாங்குதலும்

கல்லின் குறை நிறை அறிந்து வாங்கும் வழக்கமும் தமிழகத்தில் பழமையானது. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கிறான். அங்குள்ள மணிக்கடை வீதியை இளங்கோவடிகள் விரிவாக விளக்குகிறார். வைரத்தில் இருக்கக்கூடாத கீற்று, புள்ளி, களங்கம் முதலிய குறைகள் சொல்லப்படுகின்றன. முத்துக்குக் காற்றாலும் மண்ணாலும் கல்லாலும் நீராலும் வரும் குற்றங்கள் எடுத்துக் கூறப்படுகின்றன. மாணிக்கம், நீலம், புஷ்பராகம், கோமேதகம், வைடூரியம், பவளம் ஆகியவற்றின் இயல்புகளும் வருகின்றன. குற்றமற்ற சரக்கையும் அதன் தரம் அறிந்த வணிகரையும் கொண்டிருப்பதே ஒரு கடைவீதியின் பெருமை என்ற எண்ணம் அப்பகுதி முழுவதும் இழையோடுகிறது.

ஆஸ்திரேலியாவிலிருந்து எத்தியோப்பியா வரை

ஓப்பல் வணிகம் பெருகியது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதற்கு முன் 1829-இல் வெளிவந்த வால்டர் ஸ்காட்டின் நாவல் ஒன்றில், புனித நீர் பட்டதும் ஒளி இழக்கும் ஓப்பல் வருகிறது. இதைப் படித்தவர்கள் ஓப்பலைத் துரதிர்ஷ்டக் கல் என்று கருதத் தொடங்கினர். பின்னர் விக்டோரியா அரசி தம் மகள்களுக்கு ஓப்பல் நகைகளைப் பரிசளித்தது அந்த அச்சத்தைக் குறைத்தது.

1880-களின் இறுதியில் ஆஸ்திரேலிய ஓப்பல் லண்டன் சந்தையை அடைந்தது. 1915-இல் தெற்கு ஆஸ்திரேலியாவின் கூபர் பீடியில், தந்தையோடு தங்கம் தேடச் சென்ற 14 வயதுச் சிறுவன் வில்லி ஹட்சிசன் ஓப்பலைக் கண்டெடுத்தான். வெயிலின் கொடுமையால் அவ்வூர் மக்கள் நிலத்துக்கடியில் குடைந்த வீடுகளில் வாழ்கின்றனர். லைட்னிங் ரிட்ஜ் கறுப்பு ஓப்பலுக்குப் பெயர் பெற்றது. 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் உலகச் சந்தைக்கு வந்த ஓப்பல் பெரும்பாலும் ஆஸ்திரேலியாவினுடையதே.

2008-இல் எத்தியோப்பியாவின் வொல்லோ பகுதியில் புதிய படிவு கண்டுபிடிக்கப்பட்டது. இது விலையைக் குறைத்து ஓப்பல் மணிமாலையை நடுத்தரக் குடும்பங்களின் எட்டும் தூரத்துக்குக் கொண்டுவந்தது. எத்தியோப்பிய மூலக்கல்லைப் பட்டை தீட்டி மணியாக்கும் முக்கிய ஊர்களில் ஒன்று ராஜஸ்தானின் ஜெய்ப்பூர். ஓப்பல் விளையாத நாடு மீண்டும் ஓப்பல் மணிகளை உலகுக்கு அனுப்புகிறது.

இந்த வொல்லோ ஓப்பலுக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அது நீரை உறிஞ்சும். நீரில் இட்டால் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும், நிறம் மங்கும், எடையும் கூடும். காய்ந்தபின் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்பும். எண்ணெய், வாசனைத் திரவியம், சாயம் உள்ளே சென்றால் திரும்பாது. இதே குணத்தால் அதற்குச் சாயமேற்றுவதும், புகையூட்டிக் கறுப்பாக்குவதும் எளிது. அப்படிச் செய்ததைச் சொல்லாமல் ஆஸ்திரேலியக் கறுப்பு ஓப்பல் என்று விற்றால் அது ஏமாற்று.

செயற்கைக் கல்லும் கண்ணாடியும்

1974-இல் பியர் கில்சன் என்பவர் ஆய்வகத்தில் உருவாக்கிய ஓப்பலைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். அதன் நிறத்திட்டுகளை உருப்பெருக்கியில் பார்த்தால் பல்லியின் தோல்போல ஒழுங்கான கட்டங்கள் தெரியும். அமெரிக்காவில் ஜான் சுலோகம் என்பவர் ஓப்பல்போல் மின்னும் கண்ணாடியைச் செய்தார். இவற்றைவிட மலிவானது ஓப்பலைட் எனப்படும் பால்நிறக் கண்ணாடி. கறுப்புத் துணியின்மேல் வைத்தால் நீலமாகவும், வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் ஆரஞ்சாகவும் தெரியும். இதையே ஓப்பல் என்றும், சில இடங்களில் மூன்ஸ்டோன் என்றும் விற்கின்றனர்.

பழைய நகைகளிலும் இக்குழப்பம் உண்டு. இன்றைய செக் குடியரசின் யாப்லோனெட்ஸ் நகரம் பால்நிறக் கண்ணாடி மணிகளை நெடுங்காலம் ஏற்றுமதி செய்தது. ஆகவே பழையது என்பதால் மட்டும் ஒரு மாலை உண்மையான ஓப்பல் ஆகிவிடாது. 1920-களை ஒட்டிய உண்மையான ஓப்பல் மாலைகளில், சிறிதிலிருந்து பெரிதாக அளவு ஏறும் மணிகளுக்கு இடையே மெல்லிய பளிங்கு வில்லைகள் கோக்கப்பட்டிருப்பதைக் காணலாம். மென்மையான மணிகள் ஒன்றோடொன்று உரசித் தேயாமல் அவை காத்தன.

புறநகரில் வாங்குவோர் அறிய வேண்டியவை

அஸ்தினாபுரம் குரோம்பேட்டை ரயில் நிலையத்துக்குக் கிழக்கே உள்ள குடியிருப்புப் பகுதி. 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. இங்குள்ளோர் மணிமாலை வாங்க மூன்று வழிகள் உண்டு. புதிய நகைக்குத் தியாகராய நகர்; கோக்காத மணிச்சரங்களை மொத்த விலைக்கு வாங்கச் சவுகார்பேட்டை; பழைய பொருளுக்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை. மாட்டுச் சந்தையாகத் தொடங்கி நூற்றாண்டைக் கடந்ததாகச் சொல்லப்படும் பல்லாவரம் சந்தையில் பழைய நாணயம், பாத்திரம், கடிகாரம், கவரிங் நகை எனப் பலவும் கிடைக்கும்.

பல்லாவரத்துக்கு வேறொரு சிறப்பும் உண்டு. 1863-இல் இராபர்ட் புரூஸ் ஃபூட் இங்குதான் இந்தியாவின் பழைய கற்காலக் கருவி ஒன்றைக் கண்டறிந்தார். சாலையோரக் கல்லுக்கும் மனிதன் செதுக்கிய கல்லுக்கும் உள்ள வேறுபாட்டை ஒருவர் நின்று கவனித்ததால் இந்திய வரலாற்றின் காலம் பின்னோக்கி நீண்டது. கல்லை நின்று கவனிக்கும் அந்தப் பழக்கம் அதே ஊரில் மணி வாங்குவோருக்கும் பயன்படும்.

முதலில் பிளினியின் சோதனை. மணியை வெயிலில் மெல்லத் திருப்ப வேண்டும். நிறவிளையாட்டு உள்ள ஓப்பலில் நிறங்கள் இடம் மாறும். ஓப்பலைட்டில் ஒரே பால்நீல ஒளி நிற்கும். ஆனால் செயற்கை ஓப்பலும் நிறம் மாற்றிக் காட்டும் என்பதால் இச்சோதனை மட்டும் இன்று போதாது. பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியில் பார்த்தால் கண்ணாடியில் காற்றுக் குமிழிகள் தெரியக்கூடும். துளையின் விளிம்பில் சாயம் தேங்கியிருந்தால் நிறமேற்றப்பட்டது என அறியலாம். சரத்தில் உள்ள மணிகள் அனைத்தும் அச்சு வார்த்ததுபோல ஒரே நிறத்தில் இருந்தால் ஐயுற வேண்டும். எடையும் துணைசெய்யும்: ஓப்பலின் ஒப்படர்த்தி ஏறத்தாழ 2.1, சாதாரணக் கண்ணாடிக்குச் சுமார் 2.5. ஒரே அளவுள்ள இரு சரங்களில் ஓப்பல் சரம் இலேசாக இருக்கும்.

தங்கத்தில் கோத்த மாலையில் ஹால்மார்க் முத்திரை இருக்கலாம். அது தங்கத்தின் தரத்துக்கு மட்டுமே சான்று, கல்லுக்கு அன்று. விலை மிகுந்த மாலை என்றால் இரத்தினப் பரிசோதனைக் கூடத்தின் சான்றிதழைக் கேட்க வேண்டும். ரசீதில் இயற்கை ஓப்பல், செயற்கை ஓப்பல், சாயமேற்றியது, கண்ணாடி என்று தெளிவாக எழுதி வாங்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையிட நேர்ந்தால் அந்த ரசீதே முதல் ஆதாரம். தங்கத்தைப் போல ஓப்பலை அவசரத்துக்கு அடகு வைக்கவோ அதே விலைக்குத் திருப்பி விற்கவோ பொதுவாக முடியாது. சேமிப்பாகக் கருதி வாங்கும் குடும்பங்கள் இதை முன்பே அறிந்திருப்பது நல்லது.

வாங்கியபின் ஓப்பல் மாலையைக் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் கழற்றி வைக்க வேண்டும். தலைக்கு எண்ணெய் தேய்க்கும்போது அணியக்கூடாது. வெந்நீர், சோப்பு, மீயொலிக் கருவி ஆகியவற்றால் சுத்தம் செய்யாமல், சற்றே ஈரமான மென்துணியால் துடைத்தாலே போதும். மற்ற நகைகளோடு உரசாமல் தனித் துணிப்பையில் வைப்பது வழக்கம்.

பெயரைச் சொல்லி விற்றல்

தமிழர் வாழ்வில் கண்ணாடி மணிக்குத் தாழ்ந்த இடம் என்றும் இருந்ததில்லை. மங்கலப் பொருளான கருகமணி கண்ணாடியே. கோயில் வாசல்களிலும் பேருந்து நிலையங்களிலும் நரிக்குறவர் கோத்து விற்கும் பாசிமணி மாலைகளும் பெரும்பாலும் கண்ணாடியும் பிளாஸ்டிக்குமே. அச்சமூகத்தினரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்துக்கு 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றம் ஒப்புதல் அளித்தது. பாசிமணியைப் பாசிமணி என்றே சொல்லி அதற்குரிய விலைக்கு விற்கும் தெருவோர வியாபாரியிடம் வாங்குபவர் ஏமாறுவதில்லை. கண்ணாடிக் கூண்டுக்குள் வெல்வெட் துணியில் வைத்து ஓப்பலைட்டை ஓப்பல் என்று சொல்லும் இடத்தில்தான் ஏமாற்றம் நேர்கிறது.

கொடுமணலில் கல்லையும் அரிக்கமேட்டில் கண்ணாடியையும் மணியாக்கிய கைகள் இரண்டும் தமிழகத்தின் பெருமைக்குரியவை. அவற்றின் மணிகளைச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்திலும் புதுச்சேரி அருங்காட்சியகத்திலும் மாணவர்கள் நேரில் காணலாம். கண்ணாடியைக் கண்ணாடி என்றும் கல்லைக் கல் என்றும் எழுதி வைத்திருக்கும் அந்தப் பேழைகளைப் பார்த்தவருக்கு, கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதும் தெளிவாகும்.